லேத் டேப்பர் அடிக்குதா? மொதல்ல பெட்டைப் பாருங்க

வீட்டுல சின்னதா லேத் வச்சிருக்கறவங்க என்கிட்ட பேச ஆரம்பிச்சா பாதி நேரம் பேச்சு "டேப்பர் அடிக்குது"ன்னு தான் தொடங்கும். கடையற பொருளை (ஜாப்பை) கவ்விச் சுத்தற பிடியான சக்குல ஒரு ராடைப் பிடிச்சு நூத்தம்பது மி.மீ. நீளம் கடைஞ்சு மைக்ரோமீட்டர் வச்சுப் பார்த்தா ஒரு முனை தடிப்பு, ஒரு முனை சன்னம், இதைத் தான் டேப்பர்னு சொல்றாங்க. உடனே ஸ்பிண்டில் (சக்கைச் சுத்தற அச்சு) பேரிங் போயிடுச்சு, ஹெட்ஸ்டாக் (அந்த அச்சைத் தாங்கற தலைப்பகுதி) கோணல், மெஷினே சரியில்லன்னு முடிவு பண்ணிடறாங்க. மெஷின் மேல பழி போடறதுக்கு முன்னாடி அது நிக்கற விதத்தைப் பாருங்கன்னு நான் திரும்பத் திரும்ப சொல்றேன், அதையே இங்க விரிவா எழுதி வச்சுடலாம்னு தோணுச்சு. ஒழுங்கா நிக்க வச்ச சின்ன மெஷின், ஒழுங்கா நிக்காத பெரிய மெஷினை விட நேரா கடையும், இதுல எனக்கு சந்தேகமே கிடையாது.

"லேத்தை லெவல் பண்ணணும்"னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா எதுக்குன்னு கேட்டா பல பேருக்கு பதில் இல்ல. உண்மையில லேத்துக்கு பூமியோட மட்டம் தேவையே இல்ல. கப்பலோட இன்ஜின் ரூம் பட்டறையில லேத் இருக்கு, கப்பல் அலையில ஆடிக்கிட்டே போகுது, அதுலயும் ஜாப் நேரா தான் வருது. மெஷின் மொத்தமா ஒரு பக்கம் சாய்ஞ்சிருந்தா கூலன்ட் ஒரு மூலையில தேங்கும், அவ்வளவு தான், கடையறதுல ஒரு வித்தியாசமும் வராது. நமக்கு வேண்டியது பெட் (மத்த பாகமெல்லாம் மேல உட்கார்ற நீளமான அடித்தளம்) முறுக்கிக்காம இருக்கணும், அதாவது ஹெட்ஸ்டாக் பக்கம் பெட் எந்த அளவு சாய்ஞ்சிருக்கோ அதே அளவு தான் டெயில்ஸ்டாக் (ஜாப்போட மறு முனையைத் தாங்கற பாகம்) பக்கமும் சாய்ஞ்சிருக்கணும். ரெண்டு முனையும் ஒரே மாதிரி இருக்கான்னு ஒப்பிட்டுப் பார்க்கறதுக்கு புவியீர்ப்பு ஒரு சுலபமான அளவுகோல், ஸ்பிரிட் லெவலை அதுக்காக மட்டும் தான் எடுக்கறோம்.

வார்ப்பிரும்பு பெட் எப்படி முறுக்கும், அது அவ்வளவு தடியா இருக்கேன்னு தோணும். பெட்டோட அமைப்பைக் கீழ இருந்து பாருங்க. ரெண்டு தண்டவாளம், நடுவுல குறுக்கே சில ரிப், கீழ திறந்தே இருக்கும். இந்த அமைப்பு மேலும் கீழும் வளையறதுக்கு நல்லா எதிர்த்து நிக்கும், ஆனா முறுக்கறதுக்கு ரொம்ப பலவீனம், ஈரத்துணியைப் பிழியற மாதிரி ரெண்டு முனையையும் எதிரெதிர் பக்கமா திருப்பினா கொஞ்சம் விட்டுக் கொடுத்துடும். சில கம்பெனிங்க ரிப்பைக் குறுக்கே நேரா போடாம கோணலா, ஜிக்ஜாக்கா போடறதுக்குக் காரணமே முறுக்கலைக் குறைக்கத் தான். நாலு போல்ட் போட்டு பெஞ்சுல இறுக்கும்போது பெஞ்ச் எப்படி இருக்கோ அந்த வடிவத்துக்கு பெட்டும் போயிடும். மூணு புள்ளியில நிக்கற எதுக்கும் இந்தப் பிரச்சனை வராது, நாலாவது புள்ளி வந்த உடனே தான் வில்லங்கம்.

இப்ப கணக்கைப் பார்ப்போம், ஏன்னா இது எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். என் மெஷின்ல பெட்டுக்கு மேல சென்டர் உயரம் 125 மி.மீ. டெயில்ஸ்டாக் பக்கம் பெட் குறுக்குவாக்குல ஒரு மீட்டருக்கு 0.1 மி.மீ. கூடுதலா சாய்ஞ்சிருக்குன்னு வச்சுக்குவோம், கண்ணுக்கு சுத்தமா தெரியாத சாய்வு. டூல் முனை பெட்டுக்கு மேல 125 மி.மீ. உயரத்துல இருக்கறதால, கேரேஜ் (டூலைத் தாங்கிக்கிட்டு பெட் மேல ஓடற பாகம்) அந்த முனைக்குப் போகும்போது டூல் பக்கவாட்டுல 125 x 0.0001, அதாவது 0.0125 மி.மீ. நகர்ந்திருக்கும். விட்டத்துல அது ரெண்டு மடங்கு, 0.025 மி.மீ., அதாவது 25 மைக்ரான். லெவல் பார்த்த ரெண்டு இடத்துக்கும் நடுவுல 500 மி.மீ. இருந்தா 200 மி.மீ. ஜாப்ல 10 மைக்ரான் டேப்பர். 25 மி.மீ. ஷாஃப்ட்ல பேரிங் உட்கார வைக்க எச்6 ஃபிட் (ஒரு ஸ்டாண்டர்ட் அளவு வரம்பு) வேணும்னா மொத்த டாலரன்ஸே 13 மைக்ரான் தான், அதுல முக்கால்வாசியை பெட்டோட முறுக்கலே சாப்பிட்டுடுது. இதுல கவனிக்க வேண்டியது, பெட்டோட அகலம் இந்தக் கணக்குல வரவே இல்ல, சென்டர் உயரம் தான் வருது. உயரமான மெஷின்ல அதே முறுக்கல் இன்னும் மோசமா தெரியும்.

இதுல இருந்தே எந்த மாதிரி லெவல் வேணும்னும் புரிஞ்சுடும். கொத்தனார் ரசமட்டம் நல்ல தரமா இருந்தாலும் ஒரு மீட்டருக்கு அரை மி.மீ. அளவுக்குத் தான் நம்பலாம், அதுல குமிழி நடுவுல நிக்குதுன்னு சந்தோஷப்பட்டா என் மெஷின்ல விட்டத்துல 125 மைக்ரான் வரைக்கும் தப்பு ஒளிஞ்சிருக்க முடியும். மெஷின் லெவல்னு தனியா இருக்கு, ஒரு கோடு நகர்ந்தா மீட்டருக்கு 0.02 மி.மீ. சாய்வு, அதாவது சுமார் 4 ஆர்க் செகண்ட். இது கையில இருந்தா ஒரு கோடுங்கறது என் மெஷின்ல விட்டத்துல 5 மைக்ரான். ரசமட்டத்தை மெஷினைத் தூக்கி வச்ச முதல் நாள் தோராயமா நிறுத்தறதுக்கு வச்சுக்கோங்க, அதுக்கு மேல அதுகிட்ட எதுவும் கேக்காதீங்க.

நல்ல லெவல் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் சொல்லிடறேன், லெவல் இல்லாமலும் இந்த வேலை முடியும், கட்டிங் டெஸ்ட் ஒண்ணே போதும், அதுக்கு அப்புறம் வர்றேன். ஆனா லெவல் இருந்தா பெட் தப்பு எது, ஹெட்ஸ்டாக் தப்பு எதுன்னு தனித்தனியா பிரிச்சுப் பார்க்க முடியும். ரெண்டும் ஜாப்ல ஒரே மாதிரி டேப்பரா தான் தெரியும், பிரிக்காம கை வச்சா ஒண்ணோட தப்பை இன்னொண்ணால மறைச்சுட்டு திருப்தியா போயிடுவோம்.

பெஞ்ச் பத்தி. கனமான ஸ்டீல் ஃபிரேம், காங்கிரீட் தரை, இது ரெண்டும் இருந்தா பாதி தலைவலி போச்சு. மரப்பலகை மேல வச்சவங்க காத்துல ஈரம் ஏறி இறங்கறப்ப எல்லாம் பலகை அசையும்னு தெரிஞ்சு வச்சுக்கணும், மரத்துல வேலை செய்ய முடியாதுன்னு இல்ல, ஆனா அடிக்கடி செக் பண்ணணும். லேத் காலுக்கும் பெஞ்சுக்கும் நடுவுல தகர சிப் ட்ரே வந்தா அது மேடு பள்ளமா இருக்கும், போல்ட் இறுக்கும்போது எங்கயோ அமுங்கும், அதனால கால் உட்கார்ற இடத்துல மட்டும் நல்லா ஃபேஸ் பண்ணின (முகத்தைத் தட்டையா கடைஞ்ச) தடிமனான ஸ்டீல் வட்டு வச்சு அது மேல காலை உட்கார வைங்க. ரப்பர் பேடு எனக்குப் பிடிக்காது. சத்தத்தைக் குறைக்கும், உண்மை தான், ஆனா அது மெல்ல மெல்ல அமுங்கிக்கிட்டே போகும், இன்னைக்கு சரி பண்ணினது அடுத்த மாசம் மாறியிருக்கும். குட்டையான, பெட்டி மாதிரி மூடின பெட் இருக்கற மெஷினுக்கு ரப்பர் ஓகே, நீளமான ஒல்லி பெட்டுக்கு வேண்டாம்.

வேலையை ஆரம்பிக்கும்போது எல்லா போல்ட்டையும் முழுசா தளர்த்திடுங்க. கழட்ட வேண்டாம், மெஷின் கவுந்துடக் கூடாது, ஆனா இறுக்கமே இல்லாம இருக்கணும். டெயில்ஸ்டாக்கைக் கழட்டி கீழ வச்சுடுங்க. பெட்டை கெரசின் போட்டுத் துடைச்சு விரலால தடவிப் பாருங்க, எங்கயாவது தட்டின காயத்துல பிசிறு நின்னா ஆயில் ஸ்டோன் லேசா ஓட்டி எடுத்துடணும், ஒரு சின்ன பிசிறு லெவல்ல பல கோடு தள்ளிக் காட்டும். அப்புறம் மெஷினை ஒரு நாள் அப்படியே விட்டுடுங்க. அதோட சொந்த எடையில இயல்பா உட்காரட்டும். பெட்டை ஃபேக்டரியில கிரைண்ட் பண்ணும்போது போல்ட் போட்டு முறுக்கியா பண்ணியிருப்பாங்க, சுதந்திரமா விட்டா அது தன்னோட நேர் வடிவத்துக்குப் பக்கத்துல வந்துடும், நம்ம வேலை அந்த வடிவத்தைக் கெடுக்காம இறுக்கறது.

லெவலை எங்க வைக்கறதுன்னு நிறைய குழப்பம். தட்டையான வே (பெட்டோட தண்டவாளப் பரப்பு) இருந்தா நேரா குறுக்கே வச்சுடலாம். முன்னாடி வி வே, பின்னாடி ஃபிளாட் இருந்தா லெவல் சும்மா உட்காராது, அப்ப ஒரே அளவு பேரலல் (ஸ்டீல் கட்டை) வச்சு பாலம் மாதிரி பண்ணிக்கலாம், இல்ல கேரேஜையே பாலமா எடுத்துக்கிட்டு கிராஸ் ஸ்லைடு (டூலைக் குறுக்கே நகர்த்தற பாகம்) மேல லெவலை வைக்கலாம். பாலம் மட்டமா இல்லையேன்னு கவலைப்படவே வேண்டாம், ஹெட்ஸ்டாக் பக்கம் ரெண்டு கோடு முன்னாடி காட்டினா டெயில்ஸ்டாக் பக்கமும் அதே ரெண்டு கோடு முன்னாடி காட்டட்டும், அது போதும். லெவலே சரியா காலிபிரேட் ஆகலைன்னாலும் இதுல பாதிப்பு இல்ல, ஒரே ஒரு நிபந்தனை, ரெண்டு இடத்துலயும் ஒரே திசையில வைக்கணும், திருப்பி வச்சுடக் கூடாது, அதுக்காக லெவலோட ஒரு முனையில மார்க்கர் வச்சு புள்ளி போட்டுக்கோங்க. கேரேஜ் மேல வச்சுப் பார்க்கறதுல ஒரு குறை இருக்கு, பழைய மெஷின்ல ஹெட்ஸ்டாக் பக்கத்துல தான் பெட் அதிகம் தேய்ஞ்சிருக்கும், அங்க கேரேஜ் தேய்மானத்துல இறங்கிப் போய் சாயும், லெவல் அதை முறுக்கல்னு காட்டும். பழைய மெஷின்னா டெயில்ஸ்டாக் ஓடற வே, இல்ல யாரும் தொடாத ஓரப் பரப்பு எது கிடைக்குதோ அதுல வச்சுப் பாருங்க.

பொறுமை இல்லாதவங்களை இந்த லெவல் ரொம்ப சோதிக்கும். கண்ணாடிக் குழாயைத் தொட்டா கைச் சூட்டுல குமிழியோட நீளமே மாறும், அதனால ஓரத்துல பிடிச்சு வச்சுட்டு கையை எடுத்துட்டு ஒரு நிமிஷமாவது காத்திருங்க. ஜன்னல் வழியா வெயில் பெட்டோட ஒரு பக்கம் மட்டும் விழுந்தா அன்னைக்கு வேலையைத் தள்ளிப் போடுங்க. பெஞ்சுல சாய்ஞ்சுக்கிட்டு படிக்காதீங்க, பலகைத் தரைன்னா நீங்க நிக்கற இடம் மாறினாலே ஒரு கோடு நகரும். கேரேஜைப் பாலமா எடுக்கலைன்னா அதை எப்பவும் ஒரே இடத்துல நிறுத்தி வச்சுட்டுப் படிங்க, ஒல்லி பெட்ல அதோட எடையே கணக்குல வரும்.

போல்ட் தளர்வா இருக்கும்போது நாலு காலுக்கு அடியிலயும் ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்க, எந்தக் கால் தூக்கிக்கிட்டு நிக்குதோ அதுக்கு அடியில இடைவெளி எவ்வளவோ அவ்வளவு ஷிம் (இடைவெளியை நிரப்பற மெல்லிய துண்டு). ஏ4 பேப்பர் சுமார் 0.1 மி.மீ. இருக்கும், ஆனா பேப்பர் அமுங்கும், எண்ணெய் குடிக்கும், தற்காலிகமா மட்டும் வைங்க. சமையல் அலுமினியம் ஃபாயில் 0.015 மி.மீ. சுத்தி வரும், மெல்லிசு அட்ஜஸ்ட்மெண்டுக்கு அருமை. பித்தளை ஷிம் கிடைச்சா அது தான் நிரந்தரம். ஹெட்ஸ்டாக் பக்கத்து ரெண்டு காலை முதல்ல இறுக்கிடுங்க, அங்க லெவல் என்ன காட்டுதோ அது தான் இனிமே உங்க அளவுகோல், அதைத் திரும்பத் தொட வேண்டாம். டெயில்ஸ்டாக் பக்கத்து ரெண்டு போல்ட்டை மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா இறுக்கி, ஒவ்வொரு தடவையும் லெவலைப் பாருங்க. இறுக்க இறுக்க குமிழி ஓடுச்சுன்னா ஷிம் இன்னும் சரியா வரலைன்னு அர்த்தம். தளர்வா இருக்கும்போது என்ன காட்டுச்சோ, முழுசா இறுக்கின பிறகும் அதையே காட்டணும், இது வந்துடுச்சுன்னா பெட் மேல எந்த வலுக்கட்டாயமும் இல்ல.

ஷிம்முக்கு பதிலா ஜாக்கிங் ஸ்க்ரூ வச்சுக்கறவங்களும் இருக்காங்க, பெஞ்சுல ஸ்டட் நட்டு, காலுக்கு மேல ஒரு நட், கீழ ஒரு நட். சௌகரியம் தான், ஆனா ரொம்ப நுணுக்கமான விஷயம்னு தெரிஞ்சு வச்சுக்கணும். எம்12 சாதா மரை 1.75 மி.மீ. பிட்ச். முன்கால் பின்காலுக்கு நடுவுல 200 மி.மீ. இருந்தா, மீட்டருக்கு 0.1 மி.மீ. சாய்வை மாத்த காலை 0.02 மி.மீ. தூக்கினா போதும், அது நட்டுல வெறும் 4 டிகிரி சுத்து. ஸ்பானரை வச்சு அழுத்தற அழுத்தத்துலயே அது வந்துடும். ஃபைன் பிட்ச் மரை, நீளமான ஸ்பானர், அப்புறம் மேல் நட்டை லாக் பண்ணும்போது எவ்வளவு மாறுதுன்னு பார்த்து அதையும் சேர்த்துக் கணக்குப் போடற பழக்கம், இது மூணும் இல்லாம ஜாக்கிங் ஸ்க்ரூவுக்குப் போக வேண்டாம்.

லெவல் சொல்றதோட நிறுத்திடறவங்க நிறைய. என்னைக் கேட்டா கடைசி வார்த்தை குமிழியோடது இல்ல, டூலோடது. ரெண்டு காலர் டெஸ்ட்னு சொல்வாங்க. தடியான ஒரு பாரை சக்குல நல்லா உள்ள விட்டுப் பிடிங்க, டெயில்ஸ்டாக் சப்போர்ட் கிடையாது, சக் பக்கத்துல ஒரு காலரும் (வளையம் மாதிரி தடிப்பான பகுதி) வெளி முனையில ஒரு காலரும் விட்டுட்டு நடுவுல ரெண்டு மூணு மி.மீ. ஆழமா கடைஞ்சு எடுத்துடுங்க. அப்புறம் நல்லா தீட்டின டூலை வச்சு, கிராஸ் ஸ்லைடைத் தொடாம, ஆட்டோ ஃபீட்ல ரெண்டு காலரையும் ஒரே ஓட்டத்துல லேசா கடைஞ்சு மைக்ரோமீட்டர் வச்சு அளக்கணும். வெட்டு ஆழம் 0.05 மி.மீ. போதும்.

பார் தடியா இருக்கணும்னு ஏன் இவ்வளவு வலியுறுத்தறேன்னா, வெளி முனை டூலோட தள்ளுதல்ல பின்னாடி வளையும். 40 மி.மீ. ஸ்டீல் பார் 200 மி.மீ. வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு, முனையில 50 நியூட்டன் தள்ளுதுன்னா 5 மைக்ரான் வளையும். அதே நீளத்துக்கு 20 மி.மீ. பார் எடுத்தா விட்டத்தோட நாலாவது அடுக்குல கணக்கு போகும், 16 மடங்கு, 80 மைக்ரானுக்கு மேல. அந்த பார்ல வர்ற டேப்பரை வச்சு பெட்டைத் திருத்தினா நல்லா இருந்த பெட்டைக் கெடுத்துடுவோம். டூல் தீட்டறதும் இதே காரணத்துக்காகத் தான். சாதாரண கார்பைடு இன்சர்ட்டோட முனை கொஞ்சம் மழுங்கலா தான் வரும், 0.05 மி.மீ. வெட்டுல அது வெட்டறதை விட உரசித் தள்ளறது அதிகம். ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூல் பிட், சின்ன நோஸ் ரேடியஸ், ஆயில் ஸ்டோன்ல ஓரம் தீட்டினது, இந்த வேலைக்கு இதை மிஞ்ச ஒண்ணும் இல்ல. நான் இதுக்குன்னே ஒரு டூல் பிட் தனியா தீட்டி வச்சிருக்கேன், வேற எதுக்கும் எடுக்கறதில்ல.

கடையறதுக்கு முன்னாடி ஸ்பிண்டிலை அரை மணி நேரம் சும்மா ஓட விடுங்க. ஹெட்ஸ்டாக் சூடானா கொஞ்சம் உயரும், பக்கவாட்டுலயும் நகரும், நீங்க தினமும் வேலை செய்யற நிலை அது தான், குளிர்ந்த நிலையில எடுத்த அளவு உபயோகம் இல்ல. அதே நேரம் ஜாப் சூடா இருக்கும்போது அளக்காதீங்க, ஸ்டீல் மீட்டருக்கு டிகிரிக்கு 11.5 மைக்ரான் விரியும், 40 மி.மீ. விட்டத்துல ஒரு காலர் இன்னொண்ணை விட 10 டிகிரி சூடா இருந்தா கிட்டத்தட்ட 5 மைக்ரான் சும்மாவே வித்தியாசம் காட்டிடும்.

இப்ப திருத்தற திசை. வெளி முனை காலர் தடிப்பா இருக்கா? அப்ப டூல் அந்த இடத்துல ஜாப்பை விட்டு உங்க பக்கமா விலகியிருக்கு. டெயில்ஸ்டாக் பக்கத்து முன்காலை, அதாவது நீங்க நிக்கற பக்கத்துக் காலை கொஞ்சம் தூக்கணும், தூக்கினா பெட்டோட மேல்பக்கம் பின்னாடி சாயும், டூல் ஜாப்பை நோக்கிப் போகும். வெளி முனை சன்னமா இருந்தா பின்காலைத் தூக்கணும். ஒரு தடவை பேப்பர்ல படம் போட்டுப் பார்த்துட்டீங்கன்னா மறக்காது. திருத்தினதும் திரும்ப ஒரு லேசான வெட்டு, திரும்ப அளவு, அப்படியே போகணும். என்னைப் பொறுத்தவரை 200 மி.மீ. நீளத்துல விட்ட வித்தியாசம் 5 மைக்ரானுக்குள்ள வந்தா அதுக்கு மேல நோண்டறதில்ல, அந்த அளவுல மைக்ரோமீட்டர் பிடிக்கற கையே தப்பு காட்டும்.

லெவல்ல பெட் நேரா இருக்கு, ஆனா காலர் டெஸ்ட்ல டேப்பர் வருதுன்னா பார்வை ஹெட்ஸ்டாக் பக்கம் போகணும். இதை உறுதி பண்ண அழகான வழி ஒண்ணு இருக்கு, ஃபேஸிங். பெரிய விட்டத்துல ஒரு தட்டை ஃபேஸ் பண்ணிட்டு, அதே நிலையில டயல் இண்டிகேட்டரை கிராஸ் ஸ்லைடுல மாட்டி, சென்டரைத் தாண்டி எதிர்ப்பக்க ஓரம் வரைக்கும் ஓட்டுங்க. டூல் வந்த பாதையிலயே இண்டிகேட்டரை ஓட்டினா பூஜ்யம் தான் காட்டும், எதிர்ப்பக்கம் போகும்போது தான் தப்பு தெரியும், அதுவும் ரெண்டு மடங்கா தெரியும். ஸ்பிண்டிலோட மூக்கு உங்க பக்கமா லேசா சாய்ஞ்சிருந்தா ஃபேஸ் குழிவா வரும், வெளி முனையும் சன்னமா வரும். பின்பக்கம் சாய்ஞ்சிருந்தா ஃபேஸ் நடுவுல புடைக்கும், வெளி முனை தடிப்பா வரும். ரெண்டு டெஸ்டும் ஒரே கதையைச் சொன்னா ஹெட்ஸ்டாக் மேல சந்தேகப்படலாம். ஃபேஸிங் நல்லா இருக்கு, நீளவாக்குல மட்டும் டேப்பர்னா பெட்டையே திரும்பப் பாருங்க.

இதுல எல்லாம் பூஜ்யம் வரணும்னு பிடிவாதம் பிடிக்கவும் வேண்டாம். மெஷின் டூல் சோதனை முறைகளை 1927-ல முதல்ல வரையறுத்துக் கொடுத்த ஜார்ஜ் ஷ்லெசிங்கர்ங்கற ஜெர்மன் பேராசிரியரோட காலத்துல இருந்தே, தப்பு எந்தப் பக்கம் இருக்கலாம்னு திசை சொல்லித் தான் அளவு கொடுக்கறாங்க. ஃபேஸ் குழிவா இருக்கலாம், புடைச்சிருக்கக் கூடாது. ஸ்பிண்டில் டெஸ்ட் பாரோட முனை டூல் தள்ளற திசைக்கு எதிரா, டூல் பக்கமா சாயலாம், மேல்நோக்கியும் சாயலாம், 300 மி.மீ.க்கு 0.02 மி.மீ. வரைக்கும். காரணம் யோசிச்சா எவ்வளவு நியாயமா இருக்கு பாருங்க, ஜாப்போட எடை முனையைக் கீழ இழுக்கும், டூல் பின்னாடி தள்ளும், அதனால வேலை நடக்கும்போது நேர் கோட்டுக்கு வந்து சேரட்டும்னு தான் சும்மா இருக்கும்போது அந்தப் பக்கம் கொஞ்சம் விட்டு வைக்கறாங்க. குழிவான ஃபேஸ் ரெண்டு சேர்ந்தா ஓரத்துல உட்காரும், ஆடாது, புடைச்சதுன்னா நடுவுல உட்கார்ந்து ஆடும்.

மேல் கீழ் தப்புக்கு பயப்படாதீங்கன்னு தனியா சொல்லணும், புதுசா ஆரம்பிக்கறவங்க இதுல நிறைய நேரத்தை விடறாங்க. 20 மி.மீ. ஜாப்ல டூல் பக்கவாட்டுல 0.1 மி.மீ. நகர்ந்தா விட்டம் 0.2 மி.மீ. மாறும். அதே 0.1 மி.மீ. மேலயோ கீழயோ நகர்ந்தா விட்டத்துல வர்ற மாற்றம் ஒரே ஒரு மைக்ரான். இருநூறு மடங்கு வித்தியாசம். பெட் நடுவுல லேசா தொய்ஞ்சிருக்குன்னு நீளவாக்குல லெவல் காட்டினா சரி பண்ண முயற்சி பண்ணலாம், ஆனா குறுக்குவாக்கு முறுக்கலை முடிச்சுட்டு அப்புறமா.

ஹெட்ஸ்டாக்கைத் திருப்பறதுக்கு முன்னாடி அதைத் தூக்கி அடியில பாருங்க, ஒரு சுருள் துண்டோ பெயிண்ட் கட்டியோ மாட்டியிருந்தா அது தான் குற்றவாளி. ஹெட்ஸ்டாக் தட்டையான இடத்துல போல்ட்டால நிக்கற டைப்னா போல்ட்டைத் தளர்த்தி தட்டித் திருப்பலாம். இதை அளக்க விலை உயர்ந்த டெஸ்ட் பார் வேணும்னு இல்ல. பழைய பிரிண்டர்ல இருந்து எடுத்த கிரவுண்ட் ராடு போதும். சக்குல அது கொஞ்சம் சுத்திக்கிட்டே தான் இருக்கும், பரவாயில்ல, சக் பக்கத்துல டயல் வச்சு ஒரு முழு சுத்து சுத்தி அதிகபட்சம், குறைந்தபட்சம் ரெண்டையும் எழுதி நடு அளவை எடுங்க, முனையிலயும் அதே மாதிரி நடு அளவை எடுங்க. ரெண்டு நடு அளவுக்கும் உள்ள வித்தியாசம் தான் ஸ்பிண்டில் அச்சோட சாய்வு, ராடோட கோணல் அந்த சராசரியில கழிஞ்சு போயிடும். ஆனா ராடு ரெண்டு இடத்துலயும் ஒரே விட்டமா இருக்கணும், இல்லைன்னா அந்த வித்தியாசத்துல பாதியை கழிச்சுக்கணும்.

ஹெட்ஸ்டாக் வி வேயிலயே உட்கார்ற மெஷின்ல திருப்ப வழி இல்ல, ஸ்கிரேப் பண்ணணும் (கையால சுரண்டி எடுக்கணும்), அது வேற உலகம். அந்த மாதிரி மெஷின்ல பெட்டுக்கு வேணும்னே ஒரு துளி முறுக்கல் கொடுத்து டேப்பரை எடுக்கலாமான்னு கேட்டா, சில பேர் அதைப் பாவம்னு சொல்வாங்க, நான் செய்யலாம்னு தான் சொல்வேன். எவ்வளவு கொடுத்தோம்னு தெரிஞ்சு, எழுதி வச்சுட்டு செய்யணும், அது ஒண்ணு தான் நிபந்தனை. தேய்ஞ்ச பெட்டுக்கு மட்டும் இது மருந்து இல்ல, தேய்மானம் ஒரு சின்ன நீளத்துல மட்டும் இருக்கும், முறுக்கல் முழு நீளத்துக்கும் பரவும், ஒரு இடத்தைச் சரி பண்ணினா இன்னொரு இடம் கெடும்.

டெயில்ஸ்டாக் கடைசி, அதுவும் வேகமா முடியற வேலை. பெட்டும் ஹெட்ஸ்டாக்கும் முடியாம டெயில்ஸ்டாக் ஸ்க்ரூவைத் தொடவே தொடாதீங்க, டெயில்ஸ்டாக் சப்போர்ட் இல்லாம சக்குல கடையற ஜாப்ல டேப்பர் வந்தா அதுக்கும் டெயில்ஸ்டாக்குக்கும் சம்பந்தமே இல்ல, அதைத் திருப்பி அந்த டேப்பரைத் தேடறது வீண். ரெண்டு சென்டருக்கு நடுவுல ஒரு பாரைப் பிடிச்சு ரெண்டு முனையையும் லேசா கடைஞ்சு அளங்க. டெயில்ஸ்டாக் பக்கம் 0.04 மி.மீ. தடிப்புன்னா அது பின்னாடி தள்ளி நிக்குது, அதுல பாதி, 0.02 மி.மீ., உங்க பக்கமா நகர்த்தணும். நகர்த்தும்போது டெயில்ஸ்டாக் பாடியில ஒரு டயலை வச்சுக்கோங்க, கண்ணால பார்த்து செய்யற அளவு இல்ல இது. லாக் பண்ணின பிறகு திரும்ப டயலைப் பாருங்க, லாக் பண்ணும்போதே கொஞ்சம் இழுக்கும். உயரத்துல பழைய டெயில்ஸ்டாக் பெரும்பாலும் இறங்கித் தான் இருக்கும், அடிப்பாகம் தேய்ஞ்சிருக்கும், மேல் பாடிக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவுல ஷிம் வச்சுத் தூக்கலாம். டிரில் போடும்போது ஓட்டையோட வாய் அகலமா வருதுன்னா, இந்த உயரத்தையும் பக்கவாட்டையும் ஒரு தடவை பார்த்துடுங்க.

எல்லாம் முடிஞ்சதும் அந்த ரெண்டு காலர் பாரைத் தூக்கிப் போட்டுடாதீங்க. அளவு, தேதி, எந்தக் காலுக்கு அடியில என்ன ஷிம், ஹெட்ஸ்டாக் பக்கம் லெவல் எத்தனை கோடு காட்டுச்சு, எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வைங்க. புது இடத்துல நிறுத்தின மெஷின் முதல் சில வாரம் கொஞ்சம் அசைஞ்சு தான் உட்காரும், ஒரு வாரம் கழிச்சு ஒரு தடவை, மாசம் கழிச்சு ஒரு தடவை, அப்புறம் வெயில் காலம் மழைக் காலம் மாறும்போது ஒரு தடவை அதே பாரை சக்குல பிடிச்சு 0.05 மி.மீ. எடுத்துப் பாருங்க. காலர் சன்னமாகி சன்னமாகி ஒரு நாள் தீர்ந்து போனா, புது பார் போடும்போது அதே நீளம், அதே விட்டத்துல போடுங்க, அப்ப தான் பழைய நோட்டு அளவுகளோட ஒப்பிட முடியும்.